எவர்சில்வர் தகட்டுல பட்டம் விட முடியுமாங்க? (சேலம் இரும்பாலைப் பக்கம்)

கஞ்சமலைத் தகடு:

எல்லாருக்கும் வணக்கங்க. நான் இரும்பாலை ரோட்டுப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில எஸ்.எஸ். (எவர்சில்வர்) வேலை பாக்கறேன், கேட்டு, படிக்கட்டுக் கைப்பிடி, ஹோட்டல் கிச்சனுக்கு மேசை, தொட்டி இந்த மாதிரி, பதினாலு வருஷமா தகடுதான் பொழப்பு. எனக்கு ஒரு பட்டம் செய்யணும். பேப்பர் வேணாம், மூங்கில் வேணாம், நான் தினமும் கையில புடிக்கற சாமான்லயே செய்யணும்.

ஏன்னு கேப்பீங்க, அதனால சொல்லிடறேன். போன ஆடியில எட்டடிக்கு நாலடி ஷீட்டு ஒண்ண வண்டியில இருந்து எறக்கி நானும் கூட வேலை பாக்கற தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு உள்ள கொண்டு போனோம், 22 கேஜு தடிமன் (கேஜு நம்பர் ஏற ஏற தகடு மெலிசு), பதினாறு கிலோவுக்கு மேல இருக்கும். படுக்க வெச்ச மாதிரி புடிச்சிருந்தோம், வாசல் திரும்பறப்ப காத்து அடியில பூந்துடுச்சு. தம்பி கையை விட்டுட்டான், நான் விடல, என்னை நாலடி இழுத்துட்டுப் போயி செவுத்துல மோதித்தான் நின்னுச்சு, உள்ளங்கையில ஏழு தையல். ராத்திரி வலியோட படுத்திருக்கேன், அப்பவும் அந்த ரெண்டு செகண்டுதான் கண்ணு முன்னாடி வருது, அவ்வளவு பெரிய தகடு கையில எடையே இல்லாமப் போச்சுங்க. பொண்ணு ஏழாவது படிக்கிறா, அவகிட்ட இதைச் சொன்னேன், "அதுல ஒரு கயிறு கட்டியிருந்தா அது பட்டம்தானேப்பா"ன்னா. அதுல இருந்து இது மண்டைக்குள்ளயே ஓடிட்டிருக்கு.

நான் போட்டிருக்கற கணக்கு இதுதான். மூணுக்கு மூணு அடி, 28 கேஜு தகடு, மூலை மேல வர்ற மாதிரி. பின்னால குறுக்கும் நெடுக்கும் 6 மி.மீ. எஸ்.எஸ். ராடு ரெண்டு, டிக் வெல்டிங்ல ஒட்டிடுவேன். இது பறக்குமா, எவ்வளவு காத்து வேணும், என்ன கயிறு போடறது, சேலத்துலயே விடலாமா இல்ல ஏற்காடு போயிடலாமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க. இந்த ஆடிக்குள்ள விட்டுடணும்.

ஓமலூரான்:

பறக்காதுங்க. பறந்தாலும் யாரு தலையிலயாவது விழும். பேப்பர் பட்டம் வாங்கிக் குடுத்துட்டு வேலையைப் பாருங்க.

இன்னொண்ணு, எங்க பக்கம் காமலாபுரத்துல விமான நிலையம் இருக்கு, 1934-ம் வருஷத்துப் பழைய விமானச் சட்டத்துல இருந்தே விமானம்ங்கற சொல்லுக்குக் குடுத்த விளக்கத்துல பட்டத்தையும் சேத்துத்தான் எழுதியிருக்காங்க, அதனால இந்தப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க.

அம்மாபேட்டை வாத்தியார்:

தம்பி, நான் இயற்பியல் வாத்தியார், ரிட்டயர்டு ஆகி ஆறு வருஷம் ஆச்சு. முதல்ல ஒண்ணு சொல்றேன், நீங்க போன ஆடியிலயே பட்டம் விட்டுட்டீங்க. உங்க பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு சரி. எட்டுக்கு நாலு ஷீட்டுன்னா கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர், அதுக்கு அடியில மணிக்கு 45 கி.மீ. வேகத்துல ஒரு வீச்சு காத்து பூந்தா 18 கிலோ வரைக்கும் தூக்கும், உங்க தகடு 16 கிலோ. அது தூக்காம இருந்திருந்தாத்தான் அதிசயம்.

இதுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கு, மனசுல வெச்சுக்கோங்க. மணிக்கு 18 கி.மீ. காத்துல ஒரு சதுர மீட்டர் பரப்பு சுமாரா 1 கிலோ தூக்கும். காத்து ரெண்டு மடங்கானா தூக்கறது நாலு மடங்கு, அதாவது 36 கி.மீ. காத்துல 4 கிலோ. பாதியாச்சுன்னா, 9 கி.மீ.ல, கால் கிலோதான். மொத்த எடை எவ்வளவுங்கறதை விடுங்க, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு எடைங்கறதுதான் கேள்வி. ஜப்பான்ல சகாமிஹாராங்கற ஊர்ல மே மாசம் விடற பட்டம் பதினாலரை மீட்டருக்குப் பதினாலரை மீட்டர், எடை சுமார் 950 கிலோ, மூங்கிலும் காகிதமும்தான், நூறு பேர் பக்கமா சேந்து இழுத்து மேல ஏத்தறாங்க. 950 கிலோன்னா மலைப்பா இருக்கு, சதுர மீட்டருக்கு வகுத்துப் பாத்தா நாலரை கிலோதான் வருது.

இப்ப உங்களோடதுக்கு வருவோம். 28 கேஜு 0.376 மி.மீ., எஸ்.எஸ். அடர்த்தி 7.9, மூணடிக்கு மூணடி 0.84 சதுர மீட்டர், தகடு மட்டும் ரெண்டரை கிலோ. 6 மி.மீ. ராடு மீட்டருக்கு 220 கிராம், ரெண்டரை மீட்டருக்கு மேல வேணும், அது ஒரு அறுநூறு கிராம். ஆக 3 கிலோவுக்கு மேல, சதுர மீட்டருக்கு 3.6 கிலோ. எடைக்குச் சமமா தூக்கினா பத்தாது, கயிறும் கீழ் நோக்கி இழுக்கும், வாலு இருக்கு, காத்து ஒரே சீரா அடிக்காது, அதனால எடையைப் போல ரெண்டு மடங்கு தூக்கல் இருக்கற மாதிரி வெச்சுக்கணும். அப்படிப் பாத்தா மணிக்கு 50 கி.மீ. காத்து வேணும். அது புயல் காத்து மாதிரி, அந்தக் காத்துல மூணு கிலோ கூர் விளிம்புத் தகட்டை ஒரு கயித்துல கட்டி நிக்கறது தயவுசெஞ்சு வேண்டாம். ஓமலூர்க்காரர் பயப்படறது நியாயம்தான்.

ஆனா விட்டுடாதீங்க, மெலிசாக்குங்க. சதுர மீட்டருக்கு முக்கால் கிலோவுக்குள்ள கொண்டு வந்துட்டீங்கன்னா 22 கி.மீ. காத்து போதும், அது ஆடியில தெனமும் மத்தியானம் கெடைக்கும். மானி எதுவும் வாங்க வேண்டாம், தரையில கெடக்கற தூசியும் பேப்பரும் கெளம்பி, மரத்துல சின்னக் கிளைங்க ஆடிச்சுன்னா அது 20-ல இருந்து 28 கி.மீ. காத்து. சின்ன மரமே முழுசா ஆட ஆரம்பிச்சா 29-க்கு மேல போயிடுச்சு, எறக்கிடுங்க.

குகை தறிக்காரன்:

ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு நம்ம பாட்டனுங்க சொன்னாங்க, தகடு பறக்காதா, கட்டாயம் பறக்கும். நான் கயித்தைப் பத்தி மட்டும் சொல்றேன், அது என் தொழிலு. நைலான் பக்கமே போவாதீங்க. மாஞ்சா, நைலான் நூல் எல்லாத்தையும் 2017-ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை பண்ணியாச்சு, தடை ஒரு பக்கம் இருக்கட்டும், வண்டியில போறவங்க கழுத்தை அறுத்த நூலு அது, எங்க தெருப் பையன் ஒருத்தனுக்கு தாடையில இன்னும் தழும்பு இருக்கு. அதே மாதிரி தகட்டுப் பட்டம்தானேன்னு கம்பியிலயும் விட்டுடாதீங்க, ஈபி லைன்ல பட்டா அவ்வளவுதான். பருத்திக் கயிறு, முறுக்கு நல்லா ஏறின, மூணு புரி கயிறு, காஞ்ச கயிறு. நனைஞ்சா பருத்தியிலயும் கரண்டு வரும், தூறல் விழுந்தா சுத்திடுங்க.

வாத்தியாரு அய்யா, இழுப்பு எவ்வளவு வரும்னு சொன்னா எத்தனை நம்பர் நூல்ல எத்தனை இழை சேத்து முறுக்கணும்னு நான் பாத்து சொல்லிடறேன், வேணும்னா நானே முறுக்கியும் தந்துடறேன்.

அம்மாபேட்டை வாத்தியார்:

மெலிசாக்கி, பட்டத்தைக் கொஞ்சம் பெருசா ஒண்ணேகால் சதுர மீட்டர்னு வெச்சுக்கிட்டா சாதாரணமா நாலஞ்சு கிலோ, திடீர் வீச்சுல பதினஞ்சு கிலோ வரைக்கும் போகும். அம்பது கிலோ தாங்கற கயிறா இருக்கட்டும். கையில தோல் கிளவுஸ் கட்டாயம், ஏற்கனவே ஏழு தையல் போட்ட கை அது.

செர்ரி ரோடு அச்சாபீஸ்:

எஸ்.எஸ்.ல மெலிசு வேணும்னா ஷிம் தகடுதான் வாங்கணும், 0.05 மி.மீ.ல எல்லாம் வருது, ஆனா அது காத்துல டப டபன்னு அடிச்சு சுருங்கிடும், ஒரு தடவை மடிஞ்சா அந்தக் கோடு போவாது. நான் சொல்றதைக் கேளுங்க, அலுமினியத்துக்கு வாங்க. எங்க பிரஸ்ல ஓடி முடிஞ்ச ஆஃப்செட் பிளேட்டு (அச்சடிக்கற அலுமினியத் தகடு) கட்டுக்கட்டா கெடக்கு, சின்ன மெஷினுக்கு 0.15 மி.மீ., பெரிய மெஷினுக்கு 0.3 மி.மீ. பழைய இரும்புக் கடைக்குத்தான் போடறோம், கிலோக் கணக்குல. நீங்க சின்ன மெஷின் பிளேட்டு எடுத்துக்கோங்க, காசெல்லாம் வேணாம், பொண்ணைக் கூட்டிட்டு வாங்க.

கஞ்சமலைத் தகடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு பேரு இதை மதிச்சு எழுதுவீங்கன்னு நெனைக்கல. வாத்தியாரய்யா சொன்ன கணக்கை நோட்டுல போட்டு பட்டறைச் செவுத்துல ஒட்டிட்டேன், 50 கி.மீ.ன்னு பாத்தவுடனே 28 கேஜை விட்டுட்டேன்.

ஆனா அலுமினியம்னு சொல்றப்ப மனசு கொஞ்சம் ஒத்துக்கலைங்க. நான் எஸ்.எஸ். காரன், கஞ்சமலை அடிவாரத்துல பொறந்தவன், அந்த மலையே இரும்புக் கல்லு, மழை பேஞ்சா ஓடையில வர்ற கருப்பு மணல்ல காந்தத்தை வெச்சா ஒட்டிக்கும், சின்ன வயசுல அதுதான் எங்களுக்கு வெளையாட்டு. பட்டமும் அதுல இருந்தா நல்லாருக்கும்னு ஒரு ஆசை. ஒரே எடையில ஷிம் தகடு, பிளேட்டு ரெண்டையும் எடுத்தா எது நல்லா நிக்கும்னு கொஞ்சம் சொல்லுங்கய்யா.

அம்மாபேட்டை வாத்தியார்:

ரொம்ப நல்ல கேள்வி. 0.05 மி.மீ. எஸ்.எஸ். சதுர மீட்டருக்கு 395 கிராம், 0.15 மி.மீ. அலுமினியம் 405 கிராம், எடை ஒண்ணுதான். ஆனா அலுமினியம் மூணு மடங்கு தடிமன். ஒரு தகடு வளையாம நிக்கறது தடிமனோட மும்மடிக்கு ஏத்த மாதிரி கூடும், மூணு மடங்கு தடிமன்னா 27 மடங்கு. எஸ்.எஸ். பொருளாப் பாத்தா அலுமினியத்தை விட ரெண்டே முக்கால் மடங்கு விறைப்பு, அதைக் கழிச்சாலும் பிளேட்டு கிட்டத்தட்ட பத்து மடங்கு விறைப்பா நிக்கும். மூங்கில் ஏன் இத்தனை காலமா பட்டத்துல ஜெயிக்குதுன்னா இதே காரணம்தான், எடை கம்மியா இருக்கறதால அதே எடைக்கு தடிமனா சீவ முடியுது.

உங்க எஸ்.எஸ். ஆசையை எலும்புல வெச்சுக்கோங்க. ராடு வேண்டாம், ட்யூப் போடுங்க. 6 மி.மீ. ட்யூப், சுவர் அரை மி.மீ., மீட்டருக்கு 68 கிராம்தான், ராடு 220. எடை மூணுல ஒரு பங்குக்கும் கம்மி, விறைப்பு பாதி நிக்கும். உங்க கஞ்சமலை முதுகெலும்பா இருக்கட்டும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், அடுத்து இதையே பெருசா செய்யணும்னு தோணும், எனக்குத் தெரியும். எல்லாத்தையும் ரெண்டு மடங்காக்கினா பரப்பு நாலு மடங்கு ஆகும், எடை எட்டு மடங்கு ஆயிடும், பெருசு பண்ணப் பண்ண பறக்காது. டெலிபோன் கண்டுபுடிச்ச கிரகாம் பெல் இந்தச் சிக்கல்லதான் வருஷக்கணக்கா மல்லுக்கட்டினார். ஒரே பெரிய பட்டமா செய்யாம நாலு முக்கோணம் சேந்த சின்னச் சின்ன கூடுகளா செஞ்சு ஒட்டினார், பக்கத்துப் பக்கத்துக் கூடுங்க ஒரே குச்சியைப் பங்கு போட்டுக்கும், அதனால எவ்வளவு சேத்தாலும் சதுர மீட்டருக்கான எடை ஏறாது. 1907 டிசம்பர்ல கனடாவுல 3,393 கூடு வெச்ச பட்டத்துல ஒரு ராணுவ அதிகாரியை உக்கார வெச்சு நீராவிப் படகுல இழுத்து மேல ஏத்தினாங்க. சைக்கிள் போக்ஸ் கம்பியில அந்தக் கூடு செய்யலாம், உங்க பொண்ணுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க.

ஏற்காடு காப்பித் தோட்டம்:

அண்ணா, நான் ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்டுல கணக்கு எழுதறேன். அலுமினியம் வேணாம்னு நீங்க சொன்னதைப் படிச்சதும் இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு. எங்க மலையில சேர்வராயன் கோயில் பக்கமெல்லாம் மேல்மண்ணு செக்கச் செவேல்னு இருக்கும், அது பாக்சைட்டு. இங்க வெட்டின பாக்சைட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போச்சு, எங்க தாத்தா அந்த லாரியில லோடு ஏத்தினவரு. அதனால அலுமினியம் உங்களுக்கு வெளியூரு சரக்கு இல்லண்ணா, கஞ்சமலையில நின்னு பாத்தா தெரியற மலையோட சரக்குதான் அது. எலும்பு உங்க மலை, தோலு எங்க மலைன்னு வெச்சுக்கோங்க.

எடம் சொல்றேன். பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் ரெண்டும் வேணாம், கூட்டம், கம்பி வேலி, பள்ளம், அதுக்கும் மேல காத்து அங்க கீழ இருந்து மேல ஏறி வரும், பட்டம் தலைக்கு மேல போயி அப்படியே பின்னால உளுந்துடும். மலையோட மறு பக்கமும் வேணாம், முகடு தாண்டி எறங்கற காத்து சுழலும். சுத்தி மரம் தள்ளி இருக்கற மட்டமான புல்வெளி வேணும். எங்க எஸ்டேட்டுல பழைய காப்பிக் களம் ஒண்ணு இருக்கு, பக்கத்துல புல்லு மேடு, ஈபி லைன் அந்தப் பக்கமே கெடையாது, முதலாளிகிட்ட கேட்டுட்டேன், ஞாயித்துக்கிழமை வாங்கன்னு சொல்லிட்டாரு. ஆடியில காலையில மூடுபனி இருக்கும், பதினோரு மணிக்கு மேல வெளுக்கும். சித்திரை வைகாசியில மட்டும் வந்துடாதீங்க, மத்தியானம் ஆனா இடி, தகட்டுப் பட்டத்தோட நிக்கற நேரம் அது இல்ல.

வாத்தியார் அய்யாவுக்கு ஒரு கேள்வி, இங்க 1,500 மீட்டர் உசரம், காத்து மெலிசா இருக்குமே, அதுல பட்டத்துக்குக் கொறையாதா?

அம்மாபேட்டை வாத்தியார்:

கொறையும்மா, சேலத்தை விட ஒரு 10 சதவீதம். குளிர்ச்சி கொஞ்சம் ஈடு கட்டுது, இல்லன்னா இன்னும் கொறஞ்சிருக்கும். காத்து வேகம் 5 சதவீதம் கூட இருந்தா அது சரியாப் போயிடும், 22-க்குப் பதிலா 23. ஒண்ணும் கவலை இல்ல.

வடமராட்சியான்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில வடமராட்சிப் பக்கம், இப்ப கன வருசமா சேலத்திலதான் இருக்கிறன். எங்கட பக்கத்தில வல்வெட்டித்துறையில தைப்பொங்கல் அண்டைக்கு பட்டப் போட்டி நடக்கும், கடற்கரை முழுக்கச் சனம், கப்பல் மாதிரி, பறவை மாதிரி எண்டு என்னென்னவோ செய்து ஏத்துவினம். பாரமான பட்டம் ஏத்திப் பழகின ஆள் எண்ட முறையில ரெண்டு மூண்டு விசயம் சொல்லுறன்.

பட்டத்தில மேலயும் கீழயும் கட்டி, ஏத்துற கயித்தோட சேர்க்கிற கயித்தை நீங்கள் சூத்திரம் எண்டு சொல்லுவியள், நாங்கள் முச்சை எண்டு சொல்லுவம். பட்டத்தின்ர உயிர் அதிலதான் இருக்கு. மேல் முச்சையை நுனியில இருந்து நாலில ஒரு பங்கில கட்டுங்கோ, கீழ் முச்சையை நாலில மூண்டு பங்கில. ரெண்டும் சேருற முடிச்சை நகத்தக்கூடிய மாதிரி போடுங்கோ, இறுக்கிப் போட்டால் பிறகு அந்தரப்படுவியள். பட்டம் எழும்பாமல் நிண்டு இழுத்தால் முடிச்சை ஒரு விரல் மேல ஏத்துங்கோ. காத்துக் கூடினாலும் மேலதான். காத்துக் குறைஞ்சால் கீழ.

தகட்டை ஒரே மட்டமா விடாதேங்கோ. கடதாசிப் பட்டம் காத்துக்கு தானா வளைஞ்சு குடுக்கும், தகடு குடுக்காது, மட்டமா இருந்தால் இடமும் வலமும் புரண்டு புரண்டு விழும். நடு எலும்பில மடிச்சு, ரெண்டு செட்டையும் பின்பக்கம் கொஞ்சம் சரிஞ்ச மாதிரி, வள்ளத்தின்ர அடி மாதிரி செய்யுங்கோ. வால் நீளமா, துணியில.

ஏத்தேக்க ஓடாதேங்கோ. நூறு அடி கயித்தை விட்டு, மற்ற ஆள் தூரத்தில பட்டத்தை நிமித்திப் பிடிக்க வேணும், காத்து வரேக்க விட வேணும், நீங்கள் நிண்ட இடத்தில நிண்டே இழுக்க வேணும். ஓடினால் விழுற பட்டம் எங்க வருதெண்டு பாக்க ஏலாது.

கஞ்சமலைத் தகடு:

இனிமே அலுமினியத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் தங்கச்சி. உங்க தாத்தா லோடு ஏத்தின மண்ணு.

செஞ்சு முடிச்சுட்டேங்க, கணக்கு இதோ. நிமுந்து 155 செ.மீ., குறுக்க 155, பரப்பு 1.2 சதுர மீட்டர். நாலு பிளேட்டு, விளிம்பெல்லாம் உள்பக்கமா மடிச்சு மேலட்டுல (மரச் சுத்தியல்ல) தட்டி, அதுக்கும் மேல ரப்பர் பீடிங் போட்டிருக்கேன், இப்ப கைக்கொழந்தை தொட்டாக்கூட கிழிக்காது. தகடு எல்லாம் சேந்து 550 கிராம், எஸ்.எஸ். ட்யூப் 210, ரிவிட்டு, பீடிங்கு 60, வாலு 80. மொத்தம் 900 கிராம், சதுர மீட்டருக்கு முக்கால் கிலோ, வாத்தியாரய்யா சொன்ன அதே முக்கால். வெல்டிங் எதுவும் இல்ல, அலுமினியத்துல எஸ்.எஸ்.ஸை டிக் அடிச்சு ஒட்ட முடியாது, எல்லாம் பாப் ரிவிட்டுதான், குறுக்கு ட்யூபை மட்டும் நடுவுல போல்ட்டு போட்டு கழட்டற மாதிரி வெச்சிருக்கேன். நடு மடிப்பு யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன மாதிரியே. வாலு என் பழைய வேட்டி, ஆறு மீட்டர். கயிறு குகை அண்ணன் முறுக்கிக் குடுத்தது, பணம் வாங்க மாட்டேன்னுட்டாரு.

ஞாயித்துக்கிழமை போறோம்.

குகை தறிக்காரன்:

கயிறு அறுந்தா எனக்குச் சொல்லுங்க, எந்த எடத்துல அறுந்துச்சுன்னு. பட்டத்தைப் பத்தி அப்பறம் சொன்னாப் போதும்.

கஞ்சமலைத் தகடு:

கயிறு அறுகலைண்ணா!

முழுசா எழுதறேன், பொண்ணு பக்கத்துல உக்காந்து விட்டுப்போனதை எல்லாம் சொல்லிட்டே இருக்கா. பட்டறை வண்டியில போர்வை சுத்தி எடுத்துட்டுப் போனோம், இருபது கொண்டை ஊசி வளைவுலயும் அவ ஒரு கையால அதைப் புடிச்சுக்கிட்டே வந்தா. மேல போனா ஒண்ணும் தெரியல, பனி, பத்தடி தள்ளி நிக்கற ஆளு தெரியல. களத்துத் திண்ணையில உக்காந்து தங்கச்சி குடுத்த காப்பியைக் குடிச்சிட்டு காத்திருந்தோம். பதினொண்ணரைக்கு மேல வெளுத்துச்சு, சில்வர் ஓக் மரத்துல சின்னக் கிளையெல்லாம் ஆடுது, களத்துல கெடந்த சருகு கெளம்புது, வாத்தியாரய்யா சொன்ன அதே காத்து.

மொதல் தடவை தம்பி தூரத்துல நின்னு புடிச்சான், நான் இழுத்தேன், பத்தடி ஏறிச்சு, எடது பக்கமா கரணம் அடிச்சு புல்லுல குத்திச்சு. மறுபடியும் அதே எடது பக்கம். எனக்குப் புரிஞ்சிடுச்சு, எங்க வேலையில இது சகஜம், ஒரு பக்கம் சரக்கு கூட இருக்கு. நடு எலும்போட ரெண்டு முனையிலயும் நூலு கட்டித் தொங்க விட்டுப் பாத்தோம், எடது செட்டை எறங்குது, அந்தப் பக்கம் பிளேட்டு ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறினது ரெண்டு விரல் கூட விட்டிருக்கேன். வலது முனையில மூணு வாஷர் போட்டு மட்டம் புடிச்சோம்.

மூணாவது தடவை எழும்பி நின்னுச்சுங்க. எழும்பி நின்னுட்டு இழுக்குது ஆனா மேல போகல, அப்ப முடிச்சை ஒரு விரல் மேல ஏத்தினேன், முச்சைன்னு சொன்னீங்களே அதை. அதுக்கப்பறம் போனது பாருங்க, கயிறு கையில சரசரன்னு ஓடுது, அம்பது அடி, அறுபது அடி. வெயில் பட்டவுடனே பளீர்னு கண்ணு கூசுது, காத்து கூடறப்ப தகடு ம்ம்ம்னு ஒரு சத்தம் போடுது, அந்த அதிர்வு கயித்து வழியா உள்ளங்கை வரைக்கும் வருது, தையல் போட்ட எடத்துல தெரியுது. ஸ்பிரிங் தராசை கயித்துல மாட்டிப் பாத்தோம், நாலரை கிலோ காட்டுச்சு, வீச்சு வர்றப்ப ஒம்பது வரைக்கும் போச்சு. பதினெட்டு நிமிஷம் நின்னுச்சு, பொண்ணு கடிகாரத்துல பாத்து எழுதி வெச்சிருக்கா. அப்பறம் சின்ன மரமே ஆட ஆரம்பிச்சுது, எறக்கிட்டேன்.

அச்சாபீஸ் அண்ணனுக்கு இதைச் சொல்லணும். நீங்க குடுத்த பிளேட்டுல ஒண்ணு ஏதோ கோயில் போஸ்டரு, ஆஃப்செட் பிளேட்டுல எழுத்து தலைகீழா இல்லாம நேராத்தான் இருக்கும்னு அன்னைக்கு காட்டுனீங்கல்ல, அந்தப் பக்கம் கீழ பாத்த மாதிரி ரிவிட் அடிச்சிருந்தேன். அவ்வளவு உசரத்துல "ஆடிப்பண்டிகை"ன்னு பெரிய எழுத்து மட்டும் தெரியுது. காப்பித் தோட்டத்துல வேலை செய்யற அம்மாங்க நாலஞ்சு பேரு வேலி ஓரத்துல வந்து நின்னு அதைச் சத்தமா படிச்சாங்க.

எறங்கறப்ப மூக்கு கொஞ்சம் மடிஞ்சிடுச்சு, அது என் வேலைதான், மேலட்டுல நாலு தட்டு தட்டினேன், சரியாயிடுச்சு.

வடமராட்சியான்:

நல்ல சந்தோசம். அந்த ம்ம்ம் எண்ட சத்தம் பிடிச்சிருந்தால் விண் பூட்டுங்கோ. மூங்கில் வில்லில நார் கட்டி பட்டத்தின்ர தலையில பூட்டுறது, காத்துக்கு அதிர்ந்து கூவும். எங்கட ஊரில ராத்திரி பட்டத்தை ஏத்திக் கட்டி விட்டுட்டுப் படுப்பம், விடிய விடிய விண் கூவும். விண்ணின்ர பாரத்துக்கு முச்சையை மறுபடி பாத்துக் கட்ட வேணும், கேளுங்கோ, சொல்லித் தாறன்.

கஞ்சமலைத் தகடு:

கண்டிப்பாண்ணே, அடுத்த தடவை நீங்களும் எங்க கூட வாங்க, விண்ணை நீங்களே கட்டுங்க.

பொண்ணு இப்ப பெல் கூட்டைப் புடிச்சுக்கிட்டா. பதினாறு கூடு, சைக்கிள் போக்ஸ் கம்பி, ஒவ்வொரு கூட்டுலயும் ரெண்டு பக்கம் மட்டும் தகடு, நோட்டுல எடை போட்டுட்டு இருக்கா. அச்சாபீஸ் அண்ணா, இன்னும் ஒரு பன்னெண்டு பிளேட்டு கெடைக்குமா, 0.15-தான் வேணும்.

செர்ரி ரோடு அச்சாபீஸ்:

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க, எடுத்து வெச்சிருக்கேன். எழுத்து பெருசா இருக்கறதாப் பாத்து.